மின்சாரத்துக்கு ஒரு ஜீர்ணோத்தாரணம்

தினசரிப் பத்திரிகைகளின் உள்ளூர்ப் பக்கத்தில், வரி விளம்பரங்களுக்கும் நினைவஞ்சலிகளுக்கும் இடையே, ஒரு சிறு அறிவிப்பு நாள் தவறாமல் வெளிவருகிறது: இன்ன துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்புப் பணி நடைபெற இருப்பதால், நாளைக் காலை ஒன்பது மணி முதல் இன்னின்ன ஊர்களில் மின் விநியோகம் இராது என்று. அந்த வரிசையில் தம் தெருவின் பெயர் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் மின் வாரியத்தை இரண்டு வார்த்தை வைதுவிட்டு, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் காரியத்தைக் கவனிக்கப் போவதே நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். எனக்கோ, மின்சார நிர்வாகத்தைப் பற்றி வெளிவரும் செய்திகள் அனைத்திலும், புதிய அனல் மின் நிலையங்களின் அஸ்திவார விழாக்களைக் காட்டிலும், காற்றாலைகளிலும் சூரிய சக்தியிலும் நம் ராஜ்யம் அடைந்திருக்கும் ஸ்தானத்தைப் பற்றிய பெருமைகளைக் காட்டிலும், இந்தச் சிறு அறிவிப்பே மிகுந்த சிரத்தையுடன் படிக்கத் தக்கதாகத் தோன்றுகிறது. அந்த ஒரு பகல் வேளையில் என்ன வேலை நடந்தது, எதைச் சோதித்தார்கள், சோதனையில் கண்டதை எவ்விடத்தில் குறித்து வைத்தார்கள், குறித்து வைத்ததன்பேரில் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான், இன்னும் இருபது ஆண்டுகளுக்கு நம் வீட்டு விளக்கு எரியுமா என்பது நிச்சயிக்கப்படுகிறது.

நம் நாட்டில் மின்சாரம் அலை அலையாக வந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கி, கோயம்புத்தூர் நூற்பாலைகளுக்கு உயிர் கொடுத்தது. 1937இல் மேட்டூரும், 1944இல் பாபநாசமும் அதனைத் தொடர்ந்தன. சென்னைப் பட்டணத்துக்கு மின்சாரம் அளித்துவந்த தனியார் கம்பெனியைச் சர்க்கார் 1947இல் எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை முதல் தேதியன்று மின்சார வாரியம் பிறந்தது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கானடா தேசத்தின் உதவியோடு குந்தா எழுந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் பேரலை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கிணற்றுக்குக் கிணறு பம்புசெட்டு வைத்து, இந்தியாவிலேயே முன்னணியில் நிற்கும்படியாக ஒரு தலைமுறை வேலை செய்தது. இன்று விவசாயப் பம்புசெட்டுகள் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல். மொத்த இணைப்புகள் மூன்று கோடிக்கு மேல். அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச யாருக்கும் அருகதை இல்லை. ஆயினும் ஒரே பத்தாண்டில் நட்டவை ஏறக்குறைய ஒரே பத்தாண்டில்தான் மூப்படையும் என்பதையும், ஒரே காலத்தில் பெருகிய சொத்து ஒரே காலத்தில் செலவு கேட்டு வந்து நிற்கும் என்பதையும், அன்றைய உற்சாகத்தில் யாரும் கணக்கில் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அக்காலத்தில் வைத்தவற்றில் பல மாற்றப்பட்டுவிட்டன என்பது வாஸ்தவமே. மாற்றப்படாதவை எவை, எவ்விடத்தில், எந்த நிலையில் என்று ஒரு சாதாரணக் குடிமகன் கேட்டால் பதில் கிடைக்குமா என்பதே என் கேள்வி.

யந்திரத்துக்கு மூப்பு எவ்விதம் வருகிறது என்பதைச் சற்று விவரமாகச் சொல்லவேண்டும்; ஏனெனில் இவ்விஷயத்தில் ஜனங்களிடையே மட்டுமின்றி அதிகார பீடங்களிலும் ஒரு தப்பபிப்பிராயம் நிலவுகிறது. நாற்பது வயதானால் தள்ளிவிட வேண்டும், இருபது வயதென்றால் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ரீங்காரமிடும் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே செப்பிலோ அலுமினியத்திலோ சுற்றிய சுருள். அந்தச் சுருளைப் போர்த்தியிருப்பது காகிதம். எல்லாவற்றையும் மூழ்கடித்திருப்பது எண்ணெய். லட்சக்கணக்கான வோல்ட் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு மரக்கூழிலிருந்து செய்த காகிதத்தின் தலையில் இருக்கிறது என்று கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தக் காகிதத்தின் பலமெல்லாம் அதிலுள்ள நீண்ட செல்லுலோஸ் சங்கிலிகளின் பலம். புதிதாக இருக்கும்போது ஒரு சங்கிலிக்கு ஏறத்தாழ ஆயிரம் கண்ணிகள். உஷ்ணமும் ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்து அவற்றை நாள்தோறும் அறுத்துக்கொண்டே வர, இருநூறு கண்ணிகள் என்ற நிலையை அடையும்போது காகிதம் சருகாகிவிடுகிறது. சருகான பிறகும் அது வேலை செய்யும். ஒரு மாதமோ, மூன்று வருஷமோ கூட நிற்கும். வெளியே எங்கோ மரக்கிளை விழுந்து கம்பிகள் உரசி, அந்த அதிர்ச்சி சுருளை ஒரு குலுக்குக் குலுக்கும் நாளில் நொறுங்கிவிடும். எண்ணெயை வடிகட்டலாம், உலர்த்தலாம், மாற்றலாம். காகிதத்தை மாற்றுவதென்றால் சுருளையே பிரித்துச் சுற்றவேண்டும்.

இதில் உஷ்ணத்தின் பங்கு விசேஷமானது. சுருளின் மிகச் சூடான இடம் 98 பாகை சென்டிகிரேடைத் தாண்டிய பிறகு, ஒவ்வோர் ஆறு பாகைக்கும் மூப்பின் வேகம் இரட்டிக்கிறது என்பது பொறியாளர் உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆகவே பாரம் குறைவாகவும் எண்ணெய் சுத்தமாகவும் வைத்திருந்த ஒரு டிரான்ஸ்பார்மர் ஐம்பது வயதிலும் திடகாத்திரமாக இருக்கும்; கோடை முழுவதும் அளவுக்கு மேல் சுமந்த இன்னொன்று பதினைந்து வயதிலேயே கிழடு தட்டிப்போகும். முன்பெல்லாம் பகலில் வெந்த டிரான்ஸ்பார்மருக்கு இரவு ஓய்வு கிடைத்தது. இப்போது மேல்மாடி தோறும் ஏ.சி. யந்திரங்கள் விடியும்வரை ஓடுகின்றன. 2024ஆம் ஆண்டுக் கோடையில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைக் கடந்தது. பகலில் ஏறிய சூடு இரவில் இறங்குவதற்குள் மறுநாள் வெயில் வந்துவிடுகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மரின் ஜாதகத்தை அது பிறந்த வருஷத்தைக் கொண்டு கணிப்பது இந்தக் காலத்தில் மிகவும் அபாயகரமான ஜோசியம்.

நல்ல வேளையாக, வியாதி முற்றுவதற்கு முன்பே அது பேசுகிறது. உள்ளிருந்து ஒரு புட்டி எண்ணெய் எடுத்துச் சோதித்தால், அதில் கரைந்திருக்கும் வாயுக்களே உள்விவகாரத்தைச் சொல்லிவிடும்: அசிட்டிலீன் இருந்தால் உள்ளே பொறி பறக்கிறது, கார்பன் மோனாக்ஸைடு மிகுந்தால் காகிதம் கருகுகிறது, ஹைட்ரஜன் ஏறினால் சிறு சிறு மின்கசிவு நடக்கிறது. சோதனைச்சாலை கூட வேண்டாத அடையாளங்களும் உண்டு. டிரான்ஸ்பார்மர் மூச்சு விடும் குழாயின் முனையில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் சிலிக்கா ஜெல் என்னும் மணிகள் இருக்கும். ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அந்த நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டால், மாற்றவேண்டும் என்று பொருள். நம் ஊர்களில் எத்தனையோ இடங்களில் அது சிவந்தே கிடக்கிறது. தெருவில் போகிறவர் யாரும் நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இத்தனை அடையாளங்கள் இருந்தும் விபத்துகள் ஏன் நேருகின்றன என்பதற்கு, செல்வமும் சாஸ்திரமும் நிறைந்த இங்கிலாந்திலிருந்தே ஓர் உதாரணம் கிடைக்கிறது. 2025 மார்ச் 20ஆம் தேதி இரவு, லண்டன் மாநகரின் மேற்கே நார்த் ஹைட் துணை மின் நிலையத்தில் ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் தீப்பற்றி எரிந்தது. மறுநாள் பெரும்பொழுதும் ஹீத்ரோ விமான நிலையம் மூடிக் கிடந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரயாணிகள் உலகமெங்கும் தவித்தார்கள். அந்நாட்டு மின் அமைப்பை நடத்தும் நிறுவனம் விசாரித்து ஜூலை மாதம் வெளியிட்ட அறிக்கை, உயரழுத்தக் கம்பி டிரான்ஸ்பார்மருக்குள் நுழையும் புஷிங் என்னும் உறுப்பினுள் ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம் என்று கண்டது. நம்மைத் திடுக்கிடச் செய்யவேண்டியது அதுவன்று. ஈரம் மிகுந்திருப்பது 2018 ஜூலையிலேயே எண்ணெய்ச் சோதனையில் தெரிந்துவிட்டது என்றும், அதன் கடுமைக்குத் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. சோதித்தார்கள், கண்டார்கள், எழுதியும் வைத்தார்கள். ஏறக்குறைய ஏழு வருஷ காலம் அந்தக் குறிப்பு ஒரு தஸ்தாவேஜில் உறங்கியது. யந்திரத்தின் மூப்பைவிட ஏட்டின் உறக்கமே அங்கே விமான நிலையத்தை மூடியது என்று சொன்னால் அது மிகையாகாது.

கம்பிகளையெல்லாம் பூமிக்கடியில் புதைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இராது என்று வாதிப்பவர்கள் நம்மிடையே அநேகர். புயலுக்கு அது நல்ல மருந்து; மூப்புக்கு அன்று. நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரத்தின் மையப் பகுதிக்கு நான்கு கேபிள்கள் பூமிக்கடியில் மின்சாரம் கொண்டு சென்றன. ஐம்பதுகளில் புதைத்த இரண்டு, எழுபதுகளில் புதைத்த இரண்டு. 1998ஆம் ஆண்டு அங்கே கோடை கடுமையாக இருந்தது. கேபிளைச் சூழ்ந்த மண் காய்ந்து, சூட்டை வெளியே கடத்தும் சக்தியை இழந்தது. ஜனவரி பிற்பகுதியில் ஒன்று போயிற்று. பாரம் மற்ற மூன்றின்மேல் விழுந்தது. பிப்ரவரி 20ஆம் தேதிக்குள் நான்கும் போயின. வியாபார மையம் ஐந்து வார காலம் ஒழுங்கான மின்சாரமின்றி, வாடகை ஜெனரேட்டர்களையும் துறைமுகத்தில் நின்ற கப்பலின் யந்திரத்தையும் நம்பி வாழ்ந்தது. கடைசியில் ரயில் பாதை ஓரமாகக் கம்பம் நட்டு, தலைக்கு மேலே கம்பி இழுத்துத்தான் நிலைமையைச் சமாளித்தார்கள். கண்ணுக்குத் தெரியும் கம்பியாவது தொங்கினால் யாராவது மனுக் கொடுப்பார்கள். புதைத்ததைப் பற்றி மனுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

நம் கடற்கரை மாவட்டங்களில் மூப்புக்கு மற்றொரு முகம் உண்டு. உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது; கான்கிரீட் கம்பத்தின் சிறு விரிசல் வழியே உள்ளே புகுந்து எஃகுக் கம்பியையும் தின்கிறது; பீங்கான் இன்சுலேட்டரின்மேல் படிந்து, பனி பெய்யும் மார்கழி விடியற்காலையில் மின்சாரத்துக்குத் திருட்டு வழி காட்டுகிறது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் கரையில் ஏறி டெல்டாவைத் துவம்சம் செய்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. புயலின் வேகத்துக்கு முன் புதுக் கம்பமும் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அவ்வளவும் காற்றின் கொடுமைதானா, அவற்றில் எத்தனை அடிப்பாகம் அரித்து ஏற்கெனவே சாயக் காத்திருந்தவை என்ற விசாரணை, மறுசீரமைப்பின் அவசரத்தில் விடுபட்டுப் போவது எல்லாப் புயல்களுக்கும் பொதுவான விதியாக இருக்கிறது. அந்த நாட்களில் வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து, இடுப்பளவுச் சேற்றில் நின்று கம்பம் தூக்கிய தொழிலாளர்களை நாடு வாயாரப் புகழ்ந்தது. அதே தொழிலாளர்களின் பணியிடங்கள் பல்லாயிரக் கணக்கில் காலியாகக் கிடப்பதைப் பற்றி மற்ற நாட்களில் பேசுவோர் மிகச் சிலரே.

அந்தக் காலியிடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது வருஷம் ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்த லைன்மேனுக்கு, எந்தக் கம்பத்து ஜம்பர் இராத்திரியில் சிவந்து தெரியும், எந்தத் தோப்பின் தென்னை மட்டை காற்றடித்தால் கம்பியில் உரசும், எந்த டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம் ஆடி மாதத்திலிருந்து மாறியிருக்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். அவர் ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். அவர் மண்டைக்குள் இருந்த பதிவேடும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அவருடைய இடத்துக்கு ஒப்பந்தக் கூலியாளாக வரும் இளைஞர், பியூஸ் போட்டால் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த புகாருக்கு ஓடவேண்டியிருக்கிறது. அடிக்கடி பியூஸ் போகிற இடத்தில் தடித்த கம்பியைக் கட்டிவிட்டுப் போகிற வழக்கமும் இந்த ஓட்டத்தின் குழந்தைதான். அப்புறம் பியூஸ் போகாது, டிரான்ஸ்பார்மரே போகும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இவ்விஷயத்தை முடிக்க முடியாது. நீட்டவும் எனக்கு விருப்பமில்லை. 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை மின் கட்டணம் திருத்தப்படவில்லை. வாரியத்தின் சேர்ந்த நஷ்டமோ ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிப் போயிற்று. கடன்காரன் வாசலில் நிற்கும் குடும்பத்தில் முதலில் நிற்பது கூரை வேலைதான். நிலக்கரிக்குப் பணம் கொடுக்காவிட்டால் இன்றே இருள். வட்டி கட்டாவிட்டால் நாளைக்கே நோட்டீஸ். எண்ணெய் மாற்றாவிட்டால் பத்து வருஷம் வரை ஒன்றும் தெரியாது. தெரியும் காலத்தில், ஒத்திப்போட்ட அதிகாரி வேறு பதவிக்கும், அனுமதித்த மந்திரி எதிர்க்கட்சி வரிசைக்கும் போயிருப்பார்கள். 2021இல் மத்திய சர்க்கார் மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் ஒன்றை விநியோக அமைப்பின் சீர்திருத்தத்துக்கென்று அறிவித்தது. அதன் பிரதான அம்சம் வீடுதோறும் ஸ்மார்ட் மீட்டர். விற்ற சரக்கை அளப்பது வியாபாரிக்கு அவசியமே. அதைவிட, அதே திட்டத்தில் ஓர் ஓரமாக இடம் பெற்றிருக்கும் டிரான்ஸ்பார்மர் மீட்டர்களையும் பீடர் மீட்டர்களையுமே நான் பெரிதாக மதிப்பேன். எது அளவுக்கு மேல் சுமக்கிறது என்று சொல்லக்கூடியவை அவைதான். அவை எழுதும் எண்களை எவரேனும் படிக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுவோம் என்று சொல்லுகிற வீராவேசமும் எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு பணம் இல்லை என்பது ஒரு காரணம். இருந்தாலும் செய்யத்தகாதது என்பது மற்றொன்று. புதிய உபகரணங்களும் முதல் சில மாதங்களில், தயாரிப்புக் குறையாலோ பொருத்திய குறையாலோ, அதிகமாகப் பழுதாகின்றன. நன்றாக உழைக்கும் பழையதை அகற்றிவிட்டுச் சோதிக்கப்படாத புதியதை வைப்பதால் ஆபத்துக் குறைந்துவிடுவதில்லை. இதில் நம் முன்னோர் கோயில்களை ரட்சித்த முறையிலே ஒரு விவேகம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு தடவை பாலஸ்தாபனம் செய்து, விக்கிரகத்தின் அடியில் வைத்த அஷ்டபந்தன மருந்தைப் புதுப்பித்து, கோபுரத்தில் முளைத்த ஆலஞ்செடியைப் பிடுங்கி, விரிசல் கண்ட இடத்தைப் பூசி, கும்பாபிஷேகம் நடத்தினார்கள். ஆட்டம் கண்ட பிறகு மருந்து சாத்தலாம் என்று எவரும் காத்திருக்கவில்லை, பழையதாகிவிட்டது என்று கோபுரத்தை இடிக்கவுமில்லை. குறித்த காலத்தில் பார்ப்பது, பார்த்ததன்படி செய்வது, செய்வதற்கென்று மானியம் விட்டு வைப்பது என்ற மூன்றும் சேர்ந்தே ஆயிரம் ஆண்டுக் கற்றளிகளைக் காப்பாற்றின. மானியத்தை வேறு காரியத்துக்குத் திருப்பிய இடங்களில் கோபுரம் என்ன கதியாயிற்று என்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. துணை மின் நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுகாதார ஏடு இருக்கட்டும்; எந்த டிரான்ஸ்பார்மர் எந்த ஆண்டில் வந்தது, கடைசியாக எண்ணெய் சோதித்தது எப்போது, முடிவு என்ன, முடிவின்மீது எடுத்த நடவடிக்கை என்ன என்பது அதில் இருக்கட்டும்; அந்த ஏடு பொது ஜனங்கள் பார்க்கும்படி வெளியிடப்படட்டும். சோதனை மோசமென்று வந்த பிறகு எத்தனை நாளுக்குள் செய்கை நடக்கவேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கெடு விதிக்கட்டும். பராமரிப்புக்கென்று கட்டணத்தில் வசூலித்த தொகையை வட்டிக்கும் நிலக்கரிக்கும் திருப்பாதபடி தனியே கட்டிவைக்க உத்தரவிடட்டும். பழைய வாரியத்தை 2010இல் ஒரு தடவை பிரித்தோம், 2024இல் மறுபடியும் பிரித்தோம். கம்பெனிகளின் பெயர்ப் பலகை மாறுவதால் காகிதச் சங்கிலியில் அறுந்த கண்ணி ஒன்றுகூட ஒட்டிக்கொள்வதில்லை.

கட்டணத்தை மாற்றவேண்டும் என்று மனுப் போடப்படும்போது, ஆணையம் பல ஊர்களில் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. எந்த நுகர்வோரும் அங்கே எழுந்து பேசலாம், எழுத்திலும் அனுப்பலாம். யூனிட்டுக்கு எத்தனை பைசா என்ற கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். அடுத்த தடவை வாசகர்களாகிய நீங்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: சென்ற ஆண்டில் எண்ணெய்ச் சோதனையில் தேறாத டிரான்ஸ்பார்மர்கள் எத்தனை, அவற்றில் இன்றுவரை கை வைக்கப்படாதவை எத்தனை, அவை எந்த எந்த ஊரில் இருக்கின்றன?